செயலி செய்கிறவர்

ராஜஸ்தான் மாநிலத்தில் அல்வர் என்று ஓர் ஊர் இருக்கிறது. டெல்லியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரம். அந்த ஊரில் செய்யும் பால் இனிப்புக்கு வட இந்தியா முழுவதும் பெயர் உண்டு. 2015ஆம் ஆண்டு அந்த ஊருக்கு இன்னொரு காரணத்தாலும் பெயர் வந்தது.

அந்த ஆண்டு நவம்பர் 13 அன்று, லண்டன் நகரத்தின் வெம்பிளி மைதானத்தில் பிரதமர் நரேந்திர மோடி பேசினார். பேச்சின் நடுவே அல்வர் ஊர் இம்ரான் கானின் பெயரைச் சொன்னார். மாணவர்களுக்காக 50 ஆப்களைச் செய்து இலவசமாகக் கொடுத்தவர் என்று பாராட்டினார்.

யார் இந்த இம்ரான் கான்? பெரிய கம்பெனி முதலாளியா? இல்லை. அரசு சமஸ்கிருதப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். கல்லூரிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தவரும் அல்ல.

ஆப் என்று நாம் சொல்வதற்குத் தமிழில் செயலி என்று பெயர். இரண்டும் ஒன்றுதான். பணம் அனுப்புகிறோம். ரயில் டிக்கெட் எடுக்கிறோம். பேரக் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம். செல்போனில் இந்த வேலைகளைச் செய்பவை செயலிகள். அவை தானாக முளைத்தவை அல்ல. ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

எழுதுவது என்றால் என்ன?

புது மருமகளுக்கு மாமியார் ரசம் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார். "புளியைக் கரை. தக்காளியைப் போடு. நுரை கட்டியதும் இறக்கு." மருமகள் புரிந்துகொள்வார். உப்புப் போடச் சொல்ல மறந்தாலும் அவரே போட்டுவிடுவார்.

கம்ப்யூட்டர் அப்படி இல்லை. சொன்னதை மட்டும் செய்யும். சொல்லாததைச் செய்யாது. செல்போனும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். அதற்கு உப்பைப் பற்றிச் சொல்ல மறந்தால் உப்பில்லாத ரசம்தான் கிடைக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு கேள்வியைக் காட்டு. கீழே நான்கு விடைகளைக் காட்டு. பிள்ளை ஒன்றைத் தொடும் வரை காத்திரு. சரியான விடையைத் தொட்டால் பச்சை நிறம் காட்டி, ஒரு மதிப்பெண் கூட்டு. தவறானால் சிவப்பு நிறம் காட்டி, சரியான விடையைச் சொல். பிறகு அடுத்த கேள்விக்குப் போ.

இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் பிள்ளை இரண்டு விடைகளை ஒரே நேரத்தில் தொட்டால் என்ன செய்வது? கேள்விக்கு நடுவே அப்பாவுக்குப் போன் வந்துவிட்டால்? கடைசிக் கேள்வி முடிந்த பிறகு "அடுத்த கேள்வி" எங்கே இருக்கிறது? எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பதில் எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் செயலி அந்த இடத்தில் நின்றுவிடும். செயலி செய்கிறவரின் நேரத்தில் பெரும் பகுதி இப்படிப்பட்ட பிழைகளைத் தேடுவதில்தான் போகிறது.

இந்தக் கட்டளைகளை எழுதுவதற்கென்றே தனி மொழிகள் இருக்கின்றன. ஜாவா என்பது அவற்றில் ஒன்று. நூறு சொல்கூட இல்லாத சின்ன மொழிதான். ஆனால் ஒரு புள்ளி தவறினாலும் ஏற்றுக்கொள்ளாத மொழி. வயது வந்த பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும்.

இம்ரான் கான் இந்த மொழிகளைப் புத்தகங்களையும் இன்டர்நெட்டையும் வைத்துத் தானாகவே கற்றார். முதலில் மாணவர்களுக்குப் பயன்படும் ஓர் இணையதளம் செய்தார். அதைப் பார்த்த மாவட்ட ஆட்சியர், இதையே செல்போனில் வருகிற மாதிரி செய்தால் இன்னும் அதிகம் பேருக்குப் போகுமே என்றார். 2012ஆம் ஆண்டு அவருடைய முதல் செயலி வந்தது. அது இந்தியில் அறிவியல் சொல்லித் தருகிற செயலி. ஆங்கிலத்தில் படிக்க எத்தனையோ இருந்தன. இந்தியில் படிக்கிற கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை. அந்தக் குறை வகுப்பறையில் நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

அவருக்குப் பள்ளிச் சம்பளம் இருந்தது. அதனால் செயலிகளை இலவசமாகக் கொடுக்க முடிந்தது. இது நல்ல மனம்தான். ஆனால் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் ஏராளம். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் மட்டும் அல்ல, சிறிய ஊர்களிலும் வீட்டு மாடியில் ஒரு மேசை போட்டுச் செய்கிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. செயலிதான் சோறு போட வேண்டும்.

கடைத்தெருவில் இடம் பிடிப்பது

செயலி தயாராகிவிட்டது. அதை நம் செல்போனுக்கு எப்படிக் கொண்டுவருவது?

அதற்கு ஒரு கடை இருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலான செல்போன்களில் அந்தக் கடைக்குப் பிளே ஸ்டோர் என்று பெயர். கூகுள் கம்பெனி நடத்துவது. செயலி செய்தவர் முதலில் அங்கே பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டணம். நம் பணத்தில் 2,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

பணம் கட்டினால் மட்டும் போதாது. கம்பெனி இல்லாமல் தனி ஆளாகப் புதிதாகப் பதிவு செய்கிறவருக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவருடைய செயலியைக் குறைந்தது 12 பேர் 14 நாள் தொடர்ந்து வைத்திருந்து சோதித்துப் பார்க்க வேண்டும். 2023இல் இந்த விதி வந்தபோது 20 பேர் வேண்டும் என்றார்கள். பிறகு 12 ஆகக் குறைத்தார்கள். பன்னிரண்டு பேருக்கு எங்கே போவது? மனைவி, தம்பி, மச்சான், மாடி வீட்டுப் பையன். நடுவில் ஒருவர் விலகிவிட்டால் எண்ணிக்கை குறைந்துபோகும். மச்சானிடம் கெஞ்ச வேண்டும். இதற்காகவே செயலி செய்கிறவர்கள் தங்களுக்குள் சேர்ந்துகொள்கிறார்கள். "என்னுடையதை நீங்கள் சோதியுங்கள், உங்களுடையதை நான் சோதிக்கிறேன்" என்று கைமாற்றுப் போல நடக்கிறது.

கடைக்குள் நுழைந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். அங்கே லட்சக்கணக்கான செயலிகள் குவிந்திருக்கின்றன. கிராமத்துச் சந்தையில் புதிதாக ஒரு மூலையில் கத்தரிக்காய் வைத்து உட்கார்ந்தவர் நிலைதான். குரல் கொடுத்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

இங்கே குரல் கொடுப்பது எப்படி? பெயரிலிருந்து ஆரம்பம். விவசாயி ஒருவர் தக்காளி விலையைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் "மண்டி விலை" என்றுதான் தேடுவார். செயலிக்குக் கவர்ச்சியான ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டு, "மண்டி" என்ற சொல்லையே எங்கும் எழுதாமல் விட்டால், அது அவர் கண்ணில் படாது. அதனால் செயலி செய்கிறவர் மக்கள் பேசுகிற சொற்களைத் தேடி அலைகிறார். பிறகு சின்னப் படம். நான்கு வரி விளக்கம். செயலி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ஒரு நிமிட வீடியோ. வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவது. காசு இருந்தால் விளம்பரம்.

அடுத்தது நட்சத்திரம். செயலியைப் பயன்படுத்தியவர்கள் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கலாம். நிறைய நட்சத்திரம் இருந்தால் புதியவர்கள் நம்பி எடுப்பார்கள். அதனால் நட்சத்திரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே மாதிரியான பாராட்டு வரிசையாக ஐம்பது இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

செங்கல் விற்கிறவர்கள்

வீடு கட்டுகிறவர் செங்கல்லைத் தானே சுடுவதில்லை. சூளையிலிருந்து வாங்குகிறார். செயலி செய்கிறவரும் அப்படித்தான். எல்லாவற்றையும் அவரே எழுதுவதில்லை. வரைபடம் காட்டுவது, ஓ.டி.பி. எண் அனுப்புவது, பணம் வாங்குவது போன்ற வேலைகளை வேறு கம்பெனிகளிடமிருந்து வாங்கித் தன் செயலிக்குள் பொருத்துகிறார்.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் யு.பி.ஐ. இது 2016இல் வந்தது. மும்பையில் உள்ள தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் இதை அமைத்தது. யு.பி.ஐ. என்பது ஒரு சாலை மாதிரி. ஃபோன்பே, கூகுள் பே, பீம் எல்லாம் அந்தச் சாலையில் ஓடுகிற பேருந்துகள். அதனால்தான் ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலி வைத்திருப்பவருக்குப் பணம் போகிறது. ஒவ்வொருவரும் தனித்தனிச் சாலை போட்டிருந்தால் பூக்காரம்மா பத்து அட்டை மாட்டி வைக்க வேண்டியிருக்கும்.

செயலி செய்கிறவர்களுக்கு மட்டுமே பொருள் செய்து விற்கிற கம்பெனிகளும் நம் நாட்டில் பிறந்திருக்கின்றன. 2014இல் தொடங்கிய ரேசர்பே அப்படிப்பட்டது. பணம் வாங்கும் வசதியை அது மற்ற செயலிகளுக்கும் கடைகளுக்கும் கொடுக்கிறது. நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றின் கதை சுவையானது. ஒரு செயலி இன்னொரு கம்ப்யூட்டரிடம் வேலை கேட்பது, வங்கி ஜன்னலில் சீட்டு நீட்டுவது போன்றது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாம். சீட்டைச் சரியாக எழுதி நீட்டினால் பதில் வரும். தப்பாக எழுதினால் திரும்பி வரும். சீட்டு சரியா என்று சோதிப்பதற்கு அபினவ் அஸ்தானா என்ற இளைஞர் 2012 வாக்கில் ஒரு கருவி செய்தார். முதலில் அது தன் சொந்த வேலைக்குச் செய்தது. போஸ்ட்மேன் என்று பெயர் வைத்தார். தபால்காரரைப் போலக் கேள்வியைக் கொண்டுபோய்ப் பதிலைக் கொண்டுவருவதால் பொருத்தமான பெயர்தான். அதை இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டார். ஒருவர் சொல்ல இன்னொருவர் எடுத்தார். அப்படியே பரவியது. 2014இல் நண்பர்களோடு பெங்களூரில் கம்பெனி தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரண மக்கள் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

காசு எங்கிருந்து வருகிறது?

செயலியை நாம் பெரும்பாலும் இலவசமாகத்தான் எடுக்கிறோம். அப்படியானால் செய்தவர் எப்படிப் பிழைப்பார்?

சிலர் விளம்பரம் காட்டுகிறார்கள். அதைப் பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் அதில் ஏதாவது தேறும். சிலர் செயலியில் பாதியை இலவசமாகக் கொடுத்து, மீதிக்கு மாதச் சந்தா கேட்கிறார்கள்.

இந்தச் சந்தா கடை வழியாக வந்தால் கடைக்காரர் பங்கு எடுப்பார். கூகுள் முன்பு நூற்றுக்கு 30 ரூபாய் எடுத்தது. 2021 ஜூலை முதல், ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரையிலான வருமானத்துக்கு 15 என்று குறைத்தது. தன் வழியாகத்தான் பணம் வாங்க வேண்டும் என்றும் அது வற்புறுத்தி வந்தது. இதற்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் அந்தக் கம்பெனிக்கு 936 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில், 2025இல் தீர்ப்பாயம் அதைச் சுமார் 216 கோடியாகக் குறைத்தது. ஆனால் தகராறு அத்தோடு நிற்கவில்லை. இதற்கு இடையில் 2024 மார்ச் 1 அன்று, பங்குப் பணம் கொடுக்கவில்லை என்று சொல்லி, சில இந்தியக் கம்பெனிகளின் செயலிகளைக் கூகுள் கடையிலிருந்து எடுத்துவிட்டது. வேலை தேடித் தரும் நௌக்ரி அதில் ஒன்று. சென்னையிலிருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனியும் ஒன்று. மத்திய அரசு தலையிட்டது. சில நாட்களில் செயலிகள் திரும்ப வந்தன. பெரிய கம்பெனிக்கு டெல்லியில் கேட்க ஆள் இருக்கிறது. மாடி அறையில் தனியாக இருப்பவரின் செயலியை எடுத்துவிட்டால் அவர் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

2024 பிப்ரவரியில் ஃபோன்பே கம்பெனி இண்டஸ் ஆப்ஸ்டோர் என்று வேறொரு கடையைத் திறந்தது. தமிழ் உள்பட 12 இந்திய மொழிகளில் அது பேசுகிறது. இரண்டு கடை இருந்தால் விற்பவருக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது.

அனுமதி கேட்கும்போது

விளம்பரம் இல்லை. சந்தாவும் இல்லை. இம்ரான் கான் போல வேறு சம்பளம் உள்ளவரும் செய்யவில்லை. அப்படி ஒரு செயலி இலவசமாக வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

புதிய செயலியைத் திறந்ததும் சில கேள்விகள் வரும். கேமராவைப் பயன்படுத்தலாமா? போனில் உள்ள பெயர்களையும் எண்களையும் பார்க்கலாமா? இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா? பலரும் படிக்காமலே "சரி" என்று தொட்டுவிடுகிறார்கள். வீட்டுச் சாவியைக் கேட்பவரிடம் முகம் பார்க்காமல் கொடுப்பது மாதிரி இது.

வரைபடச் செயலிக்கு நாம் இருக்கும் இடம் தெரிய வேண்டும். அது நியாயம். ஆனால் டார்ச் விளக்குச் செயலிக்கு நம் சொந்தக்காரர்களின் போன் எண் எதற்கு?

கடன் செயலிகளில்தான் இது பெரிய கொடுமையாக முடிந்தது. ஐந்து நிமிடத்தில் கடன் என்பார்கள். அவசரத்தில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் "சரி" கொடுத்துவிடுவார். தவணை ஒரு நாள் தள்ளிப்போனால், அவருடைய போனிலிருந்து எடுத்த எண்களுக்கெல்லாம் கூப்பிட்டு அவமானப்படுத்தினார்கள். படங்களை மாற்றி ஆபாசமாக்கி அனுப்பினார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. அந்தச் செயலிகளை எழுதியவர்களும் இதே மொழியைக் கற்றவர்கள்தான். இதே செங்கல்லை வாங்கியவர்கள்தான்.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி கடன் செயலிகள் போனில் உள்ள எண்களையும் கோப்புகளையும் எடுக்கக் கூடாது. கடன் கொடுக்கும் வங்கி அல்லது நிதிக் கம்பெனியின் பெயர் தெரிய வேண்டும். 2023 மே 31 முதல், கடன் செயலிகள் போன் எண்களையும் படங்களையும் தொடக் கூடாது என்று பிளே ஸ்டோரிலும் விதி வந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் இணைப்பைத் தொட்டு எடுக்கும் செயலி கடைக்குள் வருவதே இல்லை. கடைக்குள் நுழையும் முன் நடக்கும் சோதனையும் அதற்கு இல்லை. அப்படி எடுத்து ஏமாந்து, பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். நேரம் கடந்தால் பணத்தை நிறுத்துவது கடினம்.

ஏற்கெனவே கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கலாம். செல்போனில் "அமைப்புகள்" என்ற இடத்துக்குப் போக வேண்டும். அங்கே செயலிகளின் பட்டியல் இருக்கும். ஒன்றைத் தொட்டால் "அனுமதிகள்" என்று வரும். தேவை இல்லாததை அங்கே மறுத்துவிடலாம்.

செய்தவருக்கு ஒரு கடிதம்

செயலியை ஒரு முறை செய்துவிட்டால் வேலை முடிந்ததா? முடியாது. ஆண்டுதோறும் புதிய செல்போன்கள் வருகின்றன. அவற்றுக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும். மாற்றாமல் விட்டுவிட்ட பழைய செயலி, புதிய போன் வைத்திருப்பவர் தேடினால் கண்ணில் படாது. அடிக்கடி "புதுப்பிக்கவும்" என்று வருகிறதே, அது இந்த வேலைதான்.

எங்கே பழுது என்று செய்தவருக்கு எப்படித் தெரியும்? பயன்படுத்துகிறவர்கள் சொன்னால்தான் தெரியும். கடையில் அந்தச் செயலியின் பக்கத்தில், நட்சத்திரத்துக்குக் கீழே எழுத இடம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். அவர் அதைப் படிப்பார். பதிலும் எழுதலாம்.

பலர் கோபத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு "வேஸ்ட்" என்று எழுதுகிறார்கள். அதை வைத்து அவர் எதையும் திருத்த முடியாது. இப்படி எழுதினால் திருத்த முடியும்:

"தமிழில் வைத்தால் மூன்றாவது பக்கத்தில் எழுத்து கட்டத்துக்கு வெளியே போகிறது. பொத்தானைத் தொட முடியவில்லை. ஆங்கிலத்தில் வைத்தால் சரியாக இருக்கிறது. என் போன் நான்கு வருடப் பழசு."